எண்பத்து நான்கு தவணை

பலகையில் பெஸ்தாரி ஜெயா,
வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை.
இங்கே மோட்டார் கடையில்
கடன் பாரம் நிரப்புகிறவள் நான்.
பெயர், ஐசி எண், சம்பளச் சீட்டு,
ஜாமீன் கையெழுத்துக்கு அம்மா அல்லது அக்கா.
ஓட்டத் தெரியுமா என்று கேட்க
பாரத்தில் கட்டம் இல்லை.

சுதேசன் வந்தது தீபாவளி போனஸ் வாரம்.
கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட்.
லைசென்ஸ் எடுத்துப் பதினோரு நாள்.
பயிற்சி மைதானத்தில் கூம்புகளைச் சுற்றி எடுத்தது.
மூன்றாம் கியருக்கு மேல் அவன் போனதே இல்லை என்று
அன்றைக்கு எனக்குத் தெரியாது.
கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

கண்ணாடிக்குப் பின்னால் பச்சையாய் நின்றது,
நான்கு சிலிண்டர்.
இருநூற்றைம்பது சிசி வரை ஓட்டலாம் என்கிறது சட்டம்.
அதற்குள் எத்தனை குதிரையை
அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று
சட்டம் எட்டிப் பார்ப்பதில்லை.

தவுக்கே ஒரு தரம்
மூலையில் இருந்த நூற்றுப்பத்து கப்சாயைக் காட்டினார்.
‘அது மீன் விக்கிற வண்டி, தவுக்கே.’
சிரித்தோம். நானும்தான்.
எனக்குக் கமிஷன் நூற்றைம்பது வெள்ளி.
அதில் வாங்கிய மிக்சி
இன்றைக்கும் நன்றாக அரைக்கிறது.

மூனாங் கட்டை வளைவில்
செம்பனை லோரிகள் உள்ளே திரும்பும்.
குலையிலிருந்து உதிர்ந்த பழங்கள் தாரில் நசுங்கி
மழை வேண்டாம், வெயிலிலேயே வழுக்கும்.
என் கப்சாய் அங்கே எத்தனையோ தரம் தடுமாறியிருக்கிறது.
தேவைக்கு மேல் திருகியிருக்கிறேன்,
பிரேக்கைத் தப்பான நேரத்தில் பிடித்திருக்கிறேன்,
ஒரு முறை தும்மிக்கொண்டே திரும்பினேன்.
அது முனகும், குலுங்கும்,
என்னம்மா சொன்னாய் என்பதுபோல் ஒரு இழுவை இழுக்கும்.
அதற்குள் எனக்குப் புத்தி வந்துவிடும்.

சின்ன வண்டிக்குக் காது கொஞ்சம் மந்தம்.
சொன்னதில் பாதிதான் விழும்.
விழாத அந்த மீதியில்தான்
இருபது வருஷமாக நான் உயிரோடு இருக்கிறேன்.

பெரிய வண்டிக்குப் பாம்புச் செவி.
பயத்தில் மணிக்கட்டு இறுகினால்
அதையும் உத்தரவு என்று எடுத்துக்கொள்ளும்.
லோரியைப் பார்த்ததும் சுதேசனின் கை நடுங்கியது.
வண்டி கீழ்ப்படிந்தது.
அவ்வளவுதான்.

லோரிக்கார அந்தோணிசாமி
சாலைக்குக் குறுக்கே இரண்டு மட்டையைப் போட்டு
ஆம்புலன்ஸ் வரும்வரை குடை பிடித்து நின்றாராம்.
அவர் மேல் தவறில்லை என்று
சுதேசனே போலீசில் சொன்னான்.

தொடைக்குள் இப்போது ஒரு தகடு.
மாதம் ஏழாம் தேதி
ஊன்றுகோலோடு வந்து தவணை கட்டுகிறான்.
வண்டி பின்கட்டில், நீலக் கித்தானுக்குள்.
ஓடியது நானூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர்.
கட்டியது ஐந்து மாதம்,
இன்னும் எழுபத்தொன்பது.

போன தடவை பஸ் போய்விட்டது.
நான்தான் வீட்டில் விட்டேன்.
ஊன்றுகோலை ஈட்டிபோல் குறுக்கே பிடித்துக்கொண்டு
பின்னால் உட்கார்ந்திருந்தான்.
வளைவு வந்ததும் தோளைத் தட்டி,
‘அக்கா, இங்க எத்தனாங் கியர்ல போவீங்க?’
‘ரெண்டு.’
‘ரெண்டா,’ என்றான்,
பரீட்சைத் தாள் வாங்கி வைத்த பிறகு
விடையைக் கேட்டவன்போல.

நேற்று இன்னொருவன் வந்தான்.
அதே பச்சையை விரலால் தொட்டுப் பார்த்தான்.
பாரத்தின் அடியில் பேனாவால்
ஒரு கட்டம் வரைந்து நீட்டினேன்:
இதற்கு முன் ஓட்டியது?
கொஞ்ச நேரம் யோசித்து
‘சைக்கிள்’ என்று எழுதினான்,
அழகான கையெழுத்து.

பாரம் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.
தவுக்கே காலையிலிருந்து
இரண்டு தரம் கேட்டுவிட்டார்.